எண்ணெயும் எழுத்தும்

அண்மையில் என் பழைய மாணாக்கர் ஒருவர் தம் மகனையும் அழைத்துக்கொண்டு என்னைக் காண வந்தார். மகன் உயர்தர வகுப்பிலே கணிதப் பிரிவிற் பயில்பவன். பெற்றோலியப் பொறியியல் கற்க வெளிநாடு செல்லல் வேண்டும் என்னும் அவா உடையவன். "எண்ணெய்க் கிணறு தோண்டப் போகிறவனுக்குத் தமிழும் சரித்திரமும் என்னத்துக்கு ஐயா? அந்த நேரத்தையும் கணக்கிலே செலவிட்டால் நல்லதல்லவோ?" என்று தந்தையார் வினவினார்.

அன்று யான் அளித்த விடை எனக்கே நிறைவு தரவில்லை. தமிழாசிரியன் தமிழுக்குப் பரிந்து பேசுதல் இயல்புதானே என அவர் கருதியிருத்தலுங் கூடும். ஆதலின், எண்ணெய்க் கல்விக்கே பெயர்பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாற்றைச் சான்றாக நிறுத்தி, அவ்வினாவை ஈண்டு மீண்டும் ஆராயப் புகுகின்றேன்.

காஸ்பியன் கடலின் மேற்குக் கரையிலே அமைந்தது அசர்பைஜான் நாட்டின் தலைநகராகிய பாக்கூ. பூமியைத் துளைத்து எண்ணெய் எடுக்கும் முயற்சி அந்நகரையடுத்த பீபி எய்பாத் என்னுமிடத்தில் 1846ஆம் ஆண்டிலேயே நிகழ்ந்தது. 1873இல் துப்பாக்கிக் கட்டைகளுக்கு வாதுமை மரம் வாங்குதற்கென அங்குச் சென்ற ரொபேட் நோபல், மரத்தை மறந்து எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையொன்றை வாங்கினார். இருபதாம் நூற்றாண்டு தொடங்கியபோது உலகம் எடுத்த எண்ணெயில் ஏறத்தாழ அரைப்பங்கு பாக்கூவினின்றே கிடைத்தது. ஆயினும், அச்செல்வத்தின் பெரும்பகுதி நோபல் சகோதரர், ரொத்சைல்ட் குடும்பத்தார் முதலிய பிறநாட்டு முதலாளிகளின் கையகத்ததாய் இருந்தது. மண்ணின் மக்களுட் பெரும்பாலோர் சேற்றிலும் எண்ணெயிலும் நின்று கூலிக்கு உழைத்தனர். எண்ணெய் அவர்தம் காலடியில் இருந்தது. எண்ணெய்க் கலையோ அவர்தம் கைக்கு எட்டவில்லை.

இந்நிலை மாறுதற்கு ஒரு கல்விக்கூடம் பெருந்துணையாயிற்று. சோவியத்து ஆட்சி ஏற்பட்ட 1920ஆம் ஆண்டிலேயே பாக்கூவிற் பலதொழிற் கல்லூரி ஒன்று நிறுவப்பட்டது. அது 1930இல் எண்ணெய்க் கல்லூரி எனவும், 1934இற் கைத்தொழிற் கல்லூரி எனவும், 1959இல் எண்ணெய் இரசாயனக் கல்லூரி எனவும் பெயர் மாறிற்று. இன்று அசர்பைஜான் அரச எண்ணெய் கைத்தொழிற் பல்கலைக்கழகம் என வழங்குகின்றது. கிணறு துளைக்கும் முறையையும், பாறைப் படைகளின் இயல்பையும், எண்ணெயைப் பிரித்துச் சுத்தி செய்யும் வகையையும் அந்நாட்டு மக்கள் தம் ஊரிலேயே கற்கும் வாய்ப்பு இதனாற் கிடைத்தது. இத்தகைய கல்வியைத் தாழ்த்திப் பேசும் பண்டிதனல்லன் யான். செல்வம் இருக்கும் இடத்தில் அதனை ஆளும் அறிவும் இருத்தல் வேண்டும். இல்லையேல், செல்வம் பிறர்க்காகும், உழைப்பு மாத்திரமே நமக்காகும்.

நிற்க. அக்கல்லூரியிற் கற்று வெளிவந்த இருவரை நோக்குவோம்.

ஒருவர் பர்மான் சல்மானோவ். 1954இற் பட்டம் பெற்ற புவிச்சரிதவியலாளராகிய இவரைத் தென் சைபீரியாவிலே எண்ணெய் தேடுமாறு அனுப்பினர். ஆங்கு எண்ணெய் கிடையாது, வடக்கேயுள்ள சதுப்பு நிலங்களின் கீழேதான் கிடைக்கும் என்பது இவரது துணிபு. மேலிடத்தார் அதனை ஏற்றிலர். 1957இல் இவர் அனுமதி பெறாமலே தம் குழுவினரையும் கருவிகளையும் ஆற்று வழியாகச் சூர்கூத் என்னும் ஊருக்குக் கொண்டுசென்றார். 1961இல் மெகியோனிலும், பின்னர் உஸ்த்-பாலிக்கிலும் எண்ணெய் பீறிட்டெழுந்தது. மேற்குச் சைபீரியா உலகின் பெரிய எண்ணெய் நிலங்களுள் ஒன்றாதற்கு இவர்தம் துணிவும் ஒரு காரணமாயிற்று. கிணறு தோண்டும் வித்தையை மாத்திரம் கற்றவன் தோண்டச் சொன்ன இடத்திலே தோண்டுவான். தோண்டத் தகும் இடம் எது, ஆணையை மறுக்கத் தகும் காலம் எது எனத் தெரிந்து தெளியும் மதுகை வேறொன்று.

மற்றையவர் ஹொசே எட்வார்டோ தொஸ் சந்தோஸ். அங்கோலாவின் விடுதலைப் போராளியாகச் சோவியத்து நாட்டிற்குச் சென்ற இவர், பாக்கூவிலே எண்ணெய்ப் பொறியியல் பயின்று 1969இற் பட்டம் பெற்றார். 1979 முதல் 2017 வரை தம் நாட்டின் சனாதிபதியாகவும் இருந்தார். எண்ணெய் வளத்திற் குறைவில்லாத அந்நாட்டை 2002 வரை உள்நாட்டுப் போர் வாட்டியது மெய்யே. போர் ஓய்ந்து எண்ணெய்ப் பணம் வெள்ளமெனப் பெருகிய பின்னரும் மக்களுள் மிகப் பலர் வறுமையினின்றும் மீண்டிலர். 2016இல் அரச எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் தலைமைப் பதவி சனாதிபதியின் மகளுக்கே அளிக்கப்பட்டது. எண்ணெயை எடுக்கும் கலையை முறையாகக் கற்றவர் ஆண்ட நாடு அது. எடுத்ததைப் பகுத்துண்ணும் அறத்தையோ எந்தக் கிணற்றைத் துளைத்தும் பெறுதல் இயலாது. இதனை அப்பல்கலைக்கழகத்தின் குற்றமெனக் கூறேன். எண்ணெய்க் கல்வி தான் தரக்கூடியதைத் தந்தது. அதனால் தர இயலாதது ஒன்றுண்டு என்பதே என் கருத்து.

மொழியாசிரியனாகிய எனக்கு நெஞ்சை உறுத்தும் செய்தி இன்னுமொன்றுண்டு. ஒரு நூற்றாண்டுக்குள் அசர்பைஜான் மொழி மும்முறை எழுத்து மாறிற்று. அரபு எழுத்து நீங்கி 1929இல் இலத்தீன் எழுத்து நிலைபெற்றது; 1940இல் ருஷ்ய எழுத்து வந்தது; 1991இல் மீண்டும் இலத்தீன் எழுத்துக்குச் சட்டம் இயற்றப்பட்டது. பாட்டன் எழுதி வைத்த ஓலையைப் பேரன் படிப்பதற்குப் பிறிதோர் எழுத்தைப் பயிலவேண்டிய நிலை அது. பூமியின் அடியிலே பல்லாயிரம் அடி ஆழத்தில் உள்ளதை அறியும் ஒருவன், தன் பாட்டன் நெஞ்சிலுள்ளதை அறிய இயலாதவனாயின் அவன் கல்வி முழுமையுற்றதாமோ? எண்ணெய் கற்போனுக்கும் மொழியும் சரித்திரமும் வேண்டும் என யான் கூறுதல் இதுபற்றியே.

இன்னும், எண்ணெய் வற்றும் பொருள். பாக்கூவையடுத்த சூரகானியில் ஒரு தீக்கோயில் உண்டு. நிலத்தினின்றும் தானே எழுந்த வாயு ஆங்கு ஓயாது சுடர்விட்டெரிந்தது. வடஇந்திய வணிகரும் துறவியரும் அத்தீயை வழிபட்டனர். பிள்ளையார் வணக்கத்தோடு தொடங்கும் கல்வெட்டுகளை இன்றும் அங்குக் காணலாம். சுற்றுப்புறமெங்கும் கிணறுகள் தோண்டி எண்ணெயும் வாயுவும் எடுத்தமையால் அவ்வியற்கைத் தீ அவிந்தது. இன்று அங்கெரிவது குழாய் வழியே வரும் வாயு.

இதனை நாம் பிறர் கதையென ஒதுக்குதற்கில்லை. 2011இல் மன்னார்க் கடற்படுகையிலே துளையிட்டபோது இரண்டிடங்களில் இயற்கை வாயு உண்டென அறியப்பட்டது. அதே மன்னார்க் கடல் ஒருகாலத்தில் முத்துக்குப் பெயர் பெற்றது. 1906இல் முத்துக்குளிப்பைக் குத்தகைக்குப் பெற்ற கம்பெனி சில ஆண்டுகளுள் நட்டமுற்று ஒழிந்தது. சிப்பி வற்றிய கடலில் வாயு மட்டும் வற்றாதிருக்குமோ? அவ்வாயுவை எடுக்கும் நாள் வருமாயின், அத்தொழிலைக் கற்ற நம் பிள்ளைகள் அங்கிருத்தல் வேண்டும். அக்கரையில் வலை வீசி வாழும் மக்களின் மொழியில் அவர்களோடு பேசவும், கடலிற் செய்யப்போவது யாது என விளக்கவும், அவர்தம் அச்சத்தைச் செவிகொடுத்துக் கேட்கவும் வல்லவர்களாகவும் அப்பிள்ளைகள் இருத்தல் வேண்டும். கணக்கு மட்டும் கற்றவனுக்கு இது கைகூடாது.

ஆகவே, அன்று என்னைக் காண வந்த தந்தையார்க்கு இப்பொழுது யான் கூறும் விடை இது: உங்கள் மகன் போகட்டும், எண்ணெய்க் கலையை ஐயந்திரிபறக் கற்கட்டும். ஆயினும், தமிழையும் சரித்திரத்தையும் வழிச்சுமை எனக் கருதி வீட்டிலே இறக்கிவைத்துப் போக வேண்டா. கிணறு வற்றும் நாளிலும் அவனோடு எஞ்சி நிற்பவை அவையே.