சங்கிலியைப் பிடித்தவன் கோழையா?

சென்ற கிழமை கனடாவிலுள்ள பழைய நண்பர் ஒருவர் எனக்கு ஒரு காணொளியை அனுப்பியிருந்தார். திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலையில், பாறையில் அறைந்த கடப்பாறைகளில் கால்வைத்து, சங்கிலியைப் பிடித்தபடி, வேட்டியை மடித்துக் கட்டிய முதியவர் ஒருவர் வெறுங்காலோடு ஏறுகிறார். அடுத்து இன்னொரு காட்சி. ஐரோப்பிய மலையொன்றில் தலைக்கவசமும் இடுப்புப் பட்டியும் அணிந்த வெள்ளைக்காரர் சிலர், பாறையோடு ஓடும் இரும்பு வடத்தில் கொளுக்கிகளை மாட்டி, வழிகாட்டியின் பின்னால் மெல்ல நகர்கிறார்கள். அவர்களுக்குப் பட்டி வேண்டும், நமக்குப் பக்தி போதும் என்று கீழே எழுதியிருந்தது. நண்பர் தம் பங்குக்கு 'தமிழன்டா' என்று சேர்த்திருந்தார்.

அவருக்கு நான் தனிப்படப் பதில் எழுதவில்லை. இப்படி நினைப்பவர் அவர் ஒருவரல்லர் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

மலையைப் பற்றிப் பேச உனக்கென்ன தகுதி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் இருக்கும் தோட்டவெளி, மன்னார்த் தீவின் மணற்றரையில் உள்ளது. பனைமரத்தை விட உயரமான எதையும் பாராமல் இங்கே ஒருவர் வாழ்ந்து முடித்துவிடலாம். ஆனால் இரண்டு முறை நான் இரும்பைப் பிடித்து மலையேறியிருக்கிறேன். அந்த இரண்டு அனுபவங்களும், எங்கள் கடல் எனக்குக் கற்பித்த ஒன்றுமே இதை எழுதவைக்கின்றன.

முதலில் அந்த வெள்ளைக்காரர்களின் விடயம். அவர்கள் ஏறியதை இத்தாலிய மொழியில் 'வியா ஃபெராட்டா' என்பார்கள். இரும்பு வழி என்று பொருள். 1843இல் ஆஸ்திரியாவின் டாஹ்ஷ்டைன் மலையில் இரும்பு முளைகளும் வளையங்களும் அறைந்து ஒரு வழி அமைத்தார்கள். முதலாம் உலகப் போரில் இத்தாலியப் படையும் ஆஸ்திரிய - ஹங்கேரியப் படையும் டோலமைட் மலைகளில் எதிரெதிரே நின்றபோது, வீரர்களையும் தளபாடங்களையும் மேலேற்ற ஏணிகளும் வடங்களும் பொருத்தினார்கள். போருக்குப் பிறகு அவ்வழிகளிற் பல உல்லாசப் பயணிகளின் பாதைகளாயின.

இது மேற்கத்தையர் கண்டுபிடித்தது, நம்மவர் வெறுங்கையால் ஏறினார்கள் என்பதுதான் காணொளியின் வாதம். வரலாறு அதற்கு நேர்மாறானது. 1344இல் இபின் பதூதா புத்தளத்தில் கரையிறங்கியபோது, அங்கே இருந்த யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி அவரை வரவேற்று முத்துக்களைக் காட்டினார். பயணி கேட்டதோ பாவா ஆதம் மலைக்குப் போக வழி. நாம் சிவனொளிபாதம் என்பதும் சிங்களவர் ஸ்ரீபாத என்பதும் அந்த மலைதான். மன்னர் பல்லக்குக் கொடுத்தார். ஆண்டுதோறும் அம்மலைக்குப் போய்வரும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், துணைக்குப் பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் என்று கூட்டியனுப்பினார். வழிகாட்டியோடு கூடிய மலையேற்றப் பயணத்தைத் தமிழ் மன்னர் ஒருவர் ஒழுங்கு செய்து ஏறத்தாழ 680 ஆண்டுகள் ஆகின்றன.

அம்மலையில் பார்த்ததையும் பதூதா எழுதியிருக்கிறார். பாறையில் படி வெட்டி, இரும்பு முளைகள் அறைந்து, பிடித்தேறச் சங்கிலிகள் தொங்கவிட்டிருந்தார்கள். மொத்தம் பத்துச் சங்கிலிகள். பத்தாவது 'கலிமாச் சங்கிலி'. அதை எட்டியவன் கீழே பார்த்தால் தலைசுற்றி, விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தில் கலிமா ஓதுவானாம். அவருக்கு முன்னரே மார்க்கோ போலோவும் இச்சங்கிலிகளைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே நம் முன்னோர் பக்தி போதும் என்று இருந்துவிடவில்லை. பக்தியோடு சங்கிலியையும் தொங்கவிட்டார்கள். வழி தெரிந்தவனையும் கூட அனுப்பினார்கள். பர்வதமலையில் கடப்பாறையை அறைந்தவரும் அந்தப் புத்தியுள்ளவர்தான். காணொளியில் வரும் பெரியவரின் கையில் இருப்பதும் சங்கிலிதானே? அதைப் பிடித்திருப்பவரைக் காட்டிக்கொண்டே பாதுகாப்பை இகழ்வது என்ன நியாயம்?

இனி என் கதை. 2003 தை மாதம். போர்நிறுத்த காலம். பாதைகள் திறந்திருந்தன. பத்திரிகைக்காக சிவனொளிபாத யாத்திரை பற்றி எழுதுவதற்கு இரத்தினபுரிப் பக்கமாக ஏறினேன். நல்லதண்ணியிலிருந்து ஏறும் பாதையை விட அது நீண்டது, கடினமானது. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. உச்சிக்குக் கீழே செங்குத்தான இடத்தில் கைபிடியை விட்டுவிட்டுக் குறிப்பேட்டை எடுக்கப் போனவன், சறுக்கினேன். பின்னால் வந்த மலையகத்துப் பெரியவர் ஒருவர் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, எழுதுறத மேல போய் எழுதுங்க. இப்ப கம்பியப் புடிங்க" என்றார். பிறகு தம் துவாயை என் மணிக்கட்டிற் கட்டி, மறுமுனையைத் தம் கையில் சுற்றிக்கொண்டு உச்சி வரை கூட்டிச் சென்றார். தோட்டத் தொழிலாளி. பல ஆண்டுகளாக ஏறி இறங்குபவர். பணம் கொடுத்தேன். வாங்கவில்லை.

ஊர் திரும்பி நான் எழுதிய கட்டுரையில் பனிமூட்டம் இருந்தது, சூரியோதயம் இருந்தது, பக்தியின் வலிமை இருந்தது. மனத்தில் உறுதி இருந்தால் கைக்குக் கம்பி வேண்டாம் என்ற பொருளில் ஒரு வசனமும் இருந்தது. பலர் அதைப் பாராட்டினார்கள். அந்தப் பெரியவரும் அவருடைய துவாயும் கட்டுரையில் இல்லை. அவரைச் சொன்னால் நான் சறுக்கியதையும் சொல்லவேண்டியிருக்கும் அல்லவா? காணொளி அனுப்பிய நண்பர்மீது எனக்குக் கோபம் வருவதன் காரணம் இதுதான். அவர் இன்று பரப்பும் பொய்யை நான் அன்றே அச்சில் எழுதியவன்.

இரண்டாவது அனுபவம் சில ஆண்டுகளுக்கு முன் சுவிற்சர்லாந்தில். பேர்ணில் இருக்கும் என் மருமகன், லவுட்டர்புருனன் பள்ளத்தாக்கின் மேலேயுள்ள மூரென் என்ற ஊருக்கு என்னை அழைத்துப் போனான். அங்கிருந்து கிம்மெல்வால்ட் என்னும் சிற்றூரை நோக்கி மலைமுகத்தோடு ஓர் இரும்பு வழி செல்கிறது. காலடியில் நூற்றுக்கணக்கான மீற்றர் வெறுமை. வழிகாட்டியாக வந்தவர் என் வயதுக்காரர். தொடங்குமுன் அரைமணி நேரம் தரையில் வைத்தே பாடம் நடத்தினார்.

அந்தப் பாடத்தைச் சொல்கிறேன், பயன்படும். இடுப்புப் பட்டியிலிருந்து இரண்டு குறுங்கைகள் பிரியும். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு கொளுக்கி. இரண்டும் வடத்தில் மாட்டப்பட்டிருக்கும். வடம் பாறையோடு பிணைக்கப்பட்ட முளை வந்ததும் ஒன்றைக் கழற்றி அப்பால் மாட்டவேண்டும். அதன் பிறகே மற்றதைக் கழற்றலாம். இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே இருக்கக் கூடாது. விழுந்தால் கொளுக்கி வடத்தில் வழுக்கிக்கொண்டு கீழேயுள்ள முளை வரை போய்த் திடீரென நிற்கும். அந்த அதிர்ச்சி பெரியது. அதை உறிஞ்சுவதற்கென்றே பட்டியோடு மடித்துத் தைத்த ஒரு பகுதி உண்டு. அது கிழிந்து விரிந்து விசையைக் குறைக்கும். சாதாரணக் கயிற்றை இடுப்பிற் கட்டிக்கொண்டு விழுந்தால் முதுகெலும்பு தாங்காது. கடைசியாக ஒரு விதி: இரண்டு முளைகளுக்கிடையில் ஒரே நேரத்தில் ஒருவர்தான். மேலே இருப்பவர் விழுந்தால் கீழே இருப்பவரையும் அடித்துக்கொண்டு போவார்.

தொடங்கிக் கால்மணி நேரத்தில் தூரத்தில் இடி கேட்டது. வழிகாட்டி நின்றார். திரும்புவோம் என்றார். மருமகனுக்கு முகம் சிவந்துவிட்டது. "மாமா, இவ்வளவு காசு கட்டி வந்திருக்கிறம். மழை இன்னும் வரேல்லையே, இவர் ஏன் பயப்பிடுறார்?" என்று என்னிடம் தமிழிற் பொருமினான். வழிகாட்டி மலையோடு ஓடும் வடத்தைக் காட்டி, மின்னல் எங்கே விழுந்தாலும் இதன் வழியே வரும் என்று மட்டும் சொன்னார். திரும்பினோம். அவருக்கு அன்றைய கூலி உண்டு, திரும்பச் சொல்லும் அதிகாரமும் உண்டு. மழை வந்ததா என்று பிறகு நான் பார்க்கவில்லை. அது முக்கியமுமல்ல.

இப்போது பர்வதமலைக்கு வாருங்கள். பௌர்ணமி நாட்களில் அங்கே ஏறுவோரும் இறங்குவோரும் ஒரே சங்கிலியில் தொங்குகிறார்கள். இரண்டு முளைகளுக்கிடையில் ஒருவர் என்ற விதி எங்கே? மழை வந்தால், இடி இடித்தால், 'திரும்புங்கள்' என்று சொல்ல அங்கே யாருக்கு அதிகாரம் உண்டு? வெள்ளியங்கிரியில் 2024இல் மட்டும் ஏறியவர்களிற் பலர் மாரடைப்பாலும் மூச்சுத் திணறலாலும் இறந்தார்கள். அங்கே கொளுக்கி அவர்களைக் காப்பாற்றியிராது. ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவனைப் பார்த்து, 'ஐயா, இன்று போதும்' என்று சொல்லப் பயிற்சி பெற்ற ஒருவர் சிலரைக் காப்பாற்றியிருக்கக்கூடும்.

கயிறு கட்டுவது வீரத்துக்கு இழுக்கு என்பவர்கள் எங்கள் கடலைப் பார்க்கட்டும். மன்னார் வளைகுடாவில், அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் எதிரேயுள்ள பார்களில் முத்துக் குளித்தவர்களை விட நெஞ்சுரம் மிக்கவர் யார்? அவர்கள் கல்லைக் காலிற் கொண்டு இறங்கினார்கள். மறுமுனையில், வள்ளத்தில், கயிறு பிடிப்பவன் நின்றான். கீழேயிருந்து அசைவு வந்ததும் இழுத்தான். அந்தக் கயிற்றை மச்சானின் கையில்தான் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கரைகளில் வழங்கும் பேச்சு. தங்கை விதவையாவதை எவன் விரும்புவான்? கயிற்றைப் பிடிப்பவன் யார் என்பதே பாதுகாப்பின் முதற் கேள்வி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம்பிக்கையும் அங்கே இருந்தது. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடற்கட்டிகள் இல்லாமல் குளியாளர் இறங்கமாட்டார்கள். அம்மந்திரக்காரருக்கு எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு கொடுத்ததை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் ஆங்கில அரசே அவர்களுக்குக் கூலி கொடுத்தது. மந்திரக்காரன் இருக்கிறானே, கயிறு எதற்கு என்று எந்தக் குளியாளனும் கேட்கவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டான்.

நம்பிக்கையைப் பற்றித் தோட்டவெளிக்காரன் ஒருவன் இன்னொன்றும் சொல்லலாம். எங்கள் ஊரில் வேதசாட்சிகளின் திருத்தலம் இருக்கிறது. 1544இல் சங்கிலி மன்னனின் ஆணையால் மன்னாரில் கொல்லப்பட்டவர்களின் நினைவாக அமைந்தது. அவர்கள் நம்பிக்கையை விட மறுத்ததற்காக இறந்தார்கள். இருநூறு பேர் ஒரே சங்கிலியில் தொங்கியதால் ஒருவன் விழுந்து இறப்பதை அதோடு சேர்க்க நான் ஒப்பமாட்டேன். அது நிர்வாகத்தின் கவலையீனம். அதைத் தெய்வத்தின் சித்தம் என்று எழுதுவது, பொறுப்பானவர்களைத் தப்பவிடுவது.

ஏழைப் பக்தனுக்குப் பட்டி வாங்கப் பணம் ஏது என்பார்கள். இது ஒன்றுதான் பதில் சொல்லத் தகுந்த ஆட்சேபம். அவன் ஏன் வாங்கவேண்டும்? மலையடிவாரத்தில் இரவல் கொடுத்து, இறங்கியதும் திருப்பி வாங்கலாம். ஆனால் பட்டியை மட்டும் கொடுத்தால் ஆபத்து. அதற்குரிய வடமும், அதைப் பரிசோதிப்பவரும், பயன்படுத்தக் கற்பிப்பவரும் வேண்டும். முதலில் வேண்டியது அதைவிட மலிவானது: ஒரு நேரத்தில் எத்தனை பேர் என்ற கணக்கும், ஏறுவதற்கொன்று இறங்குவதற்கொன்று என இரண்டு வழிகளும், மழையில் வழியை மூடும் அதிகாரமும். 2018இல் குரங்கணிக் காட்டுத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு தமிழ்நாட்டு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 ஒக்ரோபரில் 40 பாதைகளை உள்ளூர் வழிகாட்டிகளோடு திறந்தது. காட்டுப் பாதைக்குச் செய்ய முடிந்ததைக் கோயில் மலைக்குச் செய்ய முடியாதா?

மறுபக்கத்தில், பணம் கட்டி இரும்பு வழி ஏறும் என் மருமகன் போன்றோருக்கும் ஒரு சொல். மலேசியாவின் கினபாலு மலையில் 2007இல் ஆசியாவின் முதல் வியா ஃபெராட்டா திறக்கப்பட்டது. 2015 ஜூன் 5ஆம் திகதி அங்கே நிலம் நடுங்கி 18 பேர் இறந்தார்கள். அவ்வழியில் இருந்த சிங்கப்பூர்ப் பள்ளிச் சிறுவர்களும் ஆசிரியர்களும் அதில் அடங்குவர். மலை வழிகாட்டிகள் நால்வரும் இறந்தார்கள். பட்டியும் வடமும் நிலநடுக்கத்தை நிறுத்தா. மேகமூட்டத்தில் ஹெலிகொப்டர்கள் தடுமாறியபோது, சிக்கியிருந்தவர்களை இறக்கிக் கொண்டுவந்தவர்கள் எஞ்சிய வழிகாட்டிகள். முந்திய ஆண்டு எவரெஸ்டில், பிறர் ஏறுவதற்காக வழியமைத்தும் சுமை தூக்கியும் சென்ற நேபாளத் தொழிலாளர் 16 பேர் பனிச்சரிவில் இறந்தனர். அக்குடும்பங்களுக்கு அரசு முதலில் அறிவித்தது தலைக்கு 40,000 நேபாள ரூபாய். பட்டி கட்டாதவனுக்கு மட்டுமல்ல, பட்டி கட்டியவனுக்கும் கயிற்றின் மறுமுனையில் நிற்பவன் கண்ணிற் படுவதில்லை.

இபின் பதூதா தம்மைக் கூட்டிச்சென்ற யோகிகளின் பெயர்களை எழுதவில்லை. நானும் அந்தப் பெரியவரின் பெயரைக் கேட்கவில்லை. 2003இல் எழுதிய கட்டுரையைத் திருத்த இப்போது வழியில்லை. அந்தப் பத்திரிகைத் தாள் எங்கேனும் கச்சான் சுற்றப்பட்டு முடிந்திருக்கும். ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்: நான் சிவனொளிபாதத்தின் உச்சியை அடைந்தது பக்தியின் வலிமையால் அன்று. இன்னொருவர் தம் துவாயால் என் கையைக் கட்டி இழுத்துச் சென்றதால்.

கனடா நண்பருக்கு: அடுத்த முறை ஊருக்கு வரும்போது சொல்லுங்கள். சேர்ந்தே ஏறுவோம். கம்பியைப் பிடித்துக்கொண்டு.