விருந்துக்கு நடுவே வந்த இன்ஸ்பெக்டர்... எங்கள் வீட்டு வாசலிலும் நின்றார்!

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் தட்டை எடுத்துக்கொண்டு டி.வி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். என்ன படம் என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு எல்லாப் படமும் தெரிந்திருக்கும் என்பது அம்மாவின் நம்பிக்கை.

போன வாரம் நான் போட்டது, ‘அன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்’. 2015-ல் பி.பி.சி எடுத்த படம். ஹாரி பாட்டர் படங்களில் லூபின் சாராக வருவாரே, டேவிட் தியூலிஸ், அவர்தான் இன்ஸ்பெக்டர். அம்மாவுக்கு இங்கிலீஷ் ஓடாது. அதனால் அங்கங்கே நிறுத்தி, நான் தமிழில் கதை சொன்னேன். படம் முடிந்த பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். அதற்கு முதலில் கதை தெரிய வேண்டும்.

ஒரு மேஜை... ஐந்து பேர்!

1912-ம் வருடம். இங்கிலாந்தில் ஒரு தொழில் நகரம். ஆர்தர் பர்லிங் என்ற ஃபேக்டரி முதலாளி வீட்டில் மகள் ஷீலாவுக்கு நிச்சயதார்த்த விருந்து. மேஜையைச் சுற்றி முதலாளி, அவர் மனைவி சிபில், மகள் ஷீலா, மகன் எரிக், மாப்பிள்ளை ஜெரால்டு. முதலாளி நல்ல குஷியில் இருக்கிறார். ‘இனி போரே வராது’ என்கிறார். டைட்டானிக் என்று ஒரு கப்பல் கிளம்பப்போகிறது, அது மூழ்கவே மூழ்காது என்கிறார். பார்க்கிற நமக்கு மட்டும் சிரிப்பு வரும்.

அப்போது வாசல் மணி அடிக்கிறது. கூல் என்று ஓர் இன்ஸ்பெக்டர். இவா ஸ்மித் என்ற இளம்பெண் தற்கொலை செய்துகொண்டாள், விசாரிக்க வந்திருக்கிறேன் என்கிறார். ‘அதுக்கு எங்க வீட்டுக்கு ஏன் வர்றீங்க?’ என்கிறார் முதலாளி. அந்தக் கேள்விக்குத்தான் மீதிக் கதை பதில் சொல்கிறது.

அந்தப் பெண் இவருடைய ஃபேக்டரியில்தான் வேலை பார்த்தவள். வாரச் சம்பளம் 22 ஷில்லிங் 6 பென்ஸ். அதை 25 ஷில்லிங்காக உயர்த்திக் கேட்டு ஸ்டிரைக் நடந்தது. முன்னால் நின்ற பெண்களில் அவளும் ஒருத்தி. வேலையைவிட்டுத் தூக்கினார். அதன் பிறகு ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள். ஷீலா அங்கே ஒன்றை அணிந்து பார்த்தபோது, இவள் சிரித்த மாதிரி ஷீலாவுக்குத் தோன்றியது. புகார் சொன்னாள். அந்த வேலையும் போனது. ஜெரால்டு கொஞ்ச நாள் ஆதரவு கொடுத்தான், பிறகு கைவிட்டான். எரிக்கால் அவள் கர்ப்பமானாள். கடைசியில் உதவி கேட்டு ஒரு பெண்கள் சங்கத்தின் கதவைத் தட்டினாள். அங்கே தலைமை நாற்காலியில் இருந்தவர் சிபில். ‘உதவ முடியாது’ என்று திருப்பி அனுப்பினார்.

ஐந்து பேரில் ஒருவர்கூட அவளை அடிக்கவில்லை, கொல்லவில்லை. எந்தக் கோர்ட்டும் இவர்களைக் கூண்டில் ஏற்றாது. ஆளுக்கு ஒரு சின்ன வேலை செய்தார்கள், அவ்வளவுதான்.

எழுதியவரும் ஒரு மில் ஊர்க்காரர்

இது ஜே.பி.பிரீஸ்ட்லி எழுதிய நாடகம். பிராட்ஃபோர்டு என்ற கம்பளி மில் ஊரில் 1894-ல் பிறந்தவர். 16 வயதில் படிப்பை விட்டுவிட்டு ஒரு கம்பளி கம்பெனியில் கிளார்க்காக உட்கார்ந்தவர். முதலாளி வீட்டு மேஜை எப்படி இருக்கும், தொழிலாளி வீட்டு அடுப்பு எப்படி இருக்கும் என்று இரண்டும் தெரிந்தவர். இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரத்தில் இதை எழுதினார். லண்டனில் அப்போது தியேட்டர் கிடைக்காததால், 1945-ல் முதன்முதலாக மேடையேறியது சோவியத் யூனியனில். அடுத்த வருடம்தான் லண்டனுக்கு வந்தது. இன்று பிரிட்டன் பள்ளிகளில் இது பாடம்.

இந்தியாவுக்கும் இந்த இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார். 1965-ல் வங்காளத்தில் ‘தானா தேகே ஆஷ்ச்சி’ என்று படமானது. ‘போலீஸ் ஸ்டேஷன்லேருந்து வர்றேன்’ என்று அர்த்தம். இன்ஸ்பெக்டர், உத்தம் குமார். 2010-ல் அதே பெயரில் மறுபடியும் எடுத்தார்கள். மலையாளத்தில் 2022-ல் வந்த ‘12த் மேன்’ படத்தைப் பலர் ஓ.டி.டி-யில் பார்த்திருப்பீர்கள். அது வேறு கதை. ஆனால் நண்பர்கள் கூடியிருக்கும் இடத்தில் அழைக்காமல் வந்து நிற்கிற மோகன்லால், ஒவ்வொருவர் ரகசியமாக வெளியே எடுப்பாரே, அந்த உட்காரும் முறை இந்த மேஜையை ஞாபகப்படுத்தும். நம்ம ஊரில் 1954-லேயே ‘அந்த நாள்’ வந்துவிட்டது. பாட்டே இல்லாத படம். எஸ்.பாலசந்தர் இயக்கியது. விசாரிக்கப்படுகிற ஒவ்வொருவருக்கும் மறைக்க ஏதோ ஒன்று இருக்கும்.

ஆனால், ‘அந்த நாள்’ போன்ற துப்பறியும் படத்தில் கடைசியில் ஓர் ஆள் மாட்டுவார். மாட்டியவுடன் மற்றவர்களுக்கு நிம்மதி, பார்க்கிற நமக்கும் நிம்மதி. பிரீஸ்ட்லி அந்த நிம்மதியைத் தர மறுக்கிறார்.

படம் முடிந்த பிறகு...

எங்கள் வீடு ஓசூரில். சிப்காட் சங்கு, கம்பெனி பஸ், கழுத்தில் ஐ.டி கார்டு கயிறு என்று பார்த்தே வளர்ந்தவள் நான். ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டினால் கர்நாடகம், அத்திப்பள்ளி. ஒரு டீக்கடையில் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா என்று ஐந்து மொழி காதில் விழும். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 சதவிகிதத்துக்கும் மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். அதில் ஒரு பங்கு, தினமும் ஷிஃப்ட் பஸ்ஸில் எங்கள் தெருவைத் தாண்டிப் போகிறது.

படம் முடிந்தது. அம்மா தட்டைக்கூட எடுக்கவில்லை.

“ஏன் பாப்பா, நம்ம மாடி ரூம்ல இருந்துச்சே, திருவண்ணாமலை பக்கத்துப் பொண்ணு... அது இப்ப எங்க இருக்கும்?”

எனக்கு நினைவிருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்பு. செகண்ட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் அவளை இறக்கிவிடும்போது ராத்திரி பதினொன்றைத் தாண்டிவிடும். பக்கத்து வீட்டில் ஜாடையாக ஏதோ பேசினார்கள். அம்மா மூன்று நாள் டைம் கொடுத்து ரூமைக் காலி பண்ணச் சொன்னார். பெயின்ட் அடிக்கணும் என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். அவள் ஒரு பையும் ஒரு பக்கெட்டுமாகப் படி இறங்கியதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ‘போகட்டும்மா, இருக்கட்டுமே’ என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை.

“அதுக்கென்ன இப்போ? ஊரே அப்படித்தான் வாடகைக்கு விடுது” என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, அவரே பேசினார். அப்பா ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டையர் ஆனவர்.

“எங்க லைன்ல ஒரு கான்ட்ராக்ட் பொண்ணு. ஓ.டி பணம் ரெண்டு மாசமா வரலைன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுச்சு. கேட்டது நியாயம்தான். மேல இருந்து சொன்னாங்க, ‘நாளைலேருந்து அது வேண்டாம்’னு. நான்தான் கான்ட்ராக்டர்கிட்ட சொன்னேன்.”

“பேர் என்னங்க?” என்றார் அம்மா.

அப்பா யோசித்தார். “டோக்கன் நம்பர்தான் ஞாபகம் இருக்கு.”

என்னுடைய முறை

அடுத்து நான்தானே?

இதற்கு முன்னால் நான் வேலை பார்த்த ஓர் இணையதளத்தில், ஒருநாள் நைட் ஷிஃப்ட். ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்த ஒரு பெண் இறந்துபோனதாக ஐந்து வரிச் செய்தி வந்தது. எந்த ஊர், எந்த கம்பெனி என்று இங்கே சொல்ல மாட்டேன். ஒரு தடவை சொன்னதே போதும். காரணம் எதுவும் அந்த ஐந்து வரியில் இல்லை. தலைப்பு வைக்க வேண்டியது நான். ‘காதல் விவகாரமா?’ என்று சேர்த்தேன். கேள்விக்குறி போட்டுவிட்டால் பொய் சொன்னதாக ஆகாது என்பது எங்கள் டெஸ்க்கின் கணக்கு. அன்று ராத்திரி அதிகம் பேர் படித்த செய்தி அதுதான். மறுநாள் எடிட்டர் பாராட்டினார்.

இரண்டு நாள் கழித்து, செய்தி அனுப்பிய நிருபர் போன் பண்ணினார். “காதலும் இல்ல, ஒண்ணும் இல்லைங்க. சம்பளப் பிரச்னைன்னு சொல்றாங்க. அவங்க அப்பா உங்க தலைப்பை யாரோ காட்டி பார்த்துட்டாரு.” நான் ‘சரிங்கண்ணா’ என்று வைத்துவிட்டேன். தலைப்பை மாற்றவில்லை. டிராஃபிக் போய்க்கொண்டிருந்தது.

தற்கொலைச் செய்திகளை எப்படி எழுத வேண்டும் என்று இந்திய பத்திரிகை கவுன்சில் 2019-ல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பரபரப்பான தலைப்பு வைக்கக் கூடாது, எப்படி இறந்தார் என்று விவரிக்கக் கூடாது என்றெல்லாம் தெளிவாக இருக்கிறது. டிப்ளமோ பரீட்சையில் இதே கேள்வி எனக்கு வந்தது. பதில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன்.

‘வேற பொண்ணா இருந்தா?’

நாங்கள் மூன்று பேரும் சொன்னது மூன்று வெவ்வேறு பெண்களைப் பற்றி. அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். “படத்துல ஒரே பொண்ணு. நம்ம விஷயம் அப்படி இல்லையே!”

வேடிக்கை என்னவென்றால், பர்லிங் குடும்பமும் இதையேதான் சொல்கிறது. இன்ஸ்பெக்டர் போட்டோவை எல்லாருக்கும் சேர்த்துக் காட்ட மாட்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காட்டுவார். அவர் போன பிறகு ஜெரால்டுக்கு சந்தேகம் வருகிறது. ஒரே போட்டோதானா? ஒரே பெண்தானா? போலீஸுக்கு போன் போடுகிறார்கள். அப்படி ஓர் இன்ஸ்பெக்டரே இல்லை. ஆஸ்பத்திரிக்கு போன் போடுகிறார்கள். இன்று தற்கொலை கேஸே வரவில்லை. அவ்வளவுதான், முதலாளிக்குப் பழைய சிரிப்பு வந்துவிடுகிறது. ஷீலாவும் எரிக்கும் மட்டும் சிரிக்கவில்லை. பெண் யாராக இருந்தால் என்ன, நாம் செய்தது செய்ததுதானே என்பது அவர்கள் கேள்வி. சட்டத்துக்கு ஒரே பெண் வேண்டும், ஒரே குற்றவாளி வேண்டும். செய்தவர்களுக்கு அது தேவையில்லை.

அந்த நேரத்தில் போன் அடிக்கிறது. ஒரு பெண் இப்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இறந்திருக்கிறாள். விசாரிக்க ஓர் இன்ஸ்பெக்டர் வந்துகொண்டிருக்கிறார். அதோடு திரை விழுகிறது.

எங்களைப் போன்ற எல்லை ஊரில் தப்பிக்கிற வழி இன்னும் சுலபம். ‘அது நம்ம ஊர்ப் பொண்ணு இல்ல’ என்று ஒரு வார்த்தை போதும். ரூம் கொடுத்தவருக்குக் கம்பெனி தெரியாது. கம்பெனிக்காரருக்குக் கான்ட்ராக்டர்தான் தெரியும். கான்ட்ராக்டருக்கு டோக்கன் நம்பர் தெரியும். என்னைப் போன்றவளுக்கு ஐந்து வரிச் செய்தி தெரியும். அவளை முழுசாகத் தெரிந்தவர், எங்கோ ஒரு கிராமத்தில் போனுக்காகக் காத்திருக்கிற அம்மா மட்டும்தான்.

அம்மா போட்ட போன்

திங்கட்கிழமை காலையில் அம்மா போனை என்னிடம் நீட்டினார். ‘மாடி ரூம்’ என்று சேவ் பண்ணிய நம்பர். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தாள். நன்றாக இருக்கிறாளாம். வேறு கம்பெனி, ஹாஸ்டல் வசதி இருக்கிறதாம். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதாம்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. உடனே பர்லிங்கின் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. அம்மா அங்கே நிற்கவில்லை. “உன் அட்வான்ஸ்ல ஒரு மாசத்தைப் பிடிச்சுக்கிட்டேன்மா, அது தப்பு. பாப்பாகிட்ட உன் ஜி-பே நம்பர் சொல்லு” என்றார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “பணம் பரவால்லம்மா. அன்னிக்கு நைட்டு எங்க போறதுன்னுதான் தெரியல. பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்திருந்தேன்” என்றாள்.

அம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பணத்தை நான் அனுப்பினேன்.

அப்பா தன்னுடன் வேலை பார்த்த இரண்டு பேரிடம் அந்த டோக்கன் நம்பரைச் சொல்லி விசாரித்துக்கொண்டிருக்கிறார். இதுவரை பெயர் கிடைக்கவில்லை.

நான் பழைய ஆபீஸுக்கு மெயில் அனுப்பினேன், அந்தத் தலைப்பை மாற்றச் சொல்லி. ‘பழைய செய்தி, இப்ப யார் பார்க்கப்போறாங்க?’ என்று பதில் வந்தது. நேற்று ராத்திரி தேடிப் பார்த்தேன். என் கேள்விக்குறியோடு அப்படியே இருக்கிறது. இன்று மறுபடியும் மெயில் அனுப்பியிருக்கிறேன். மாற்றுகிற வரை அனுப்புவேன்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் இந்தப் படத்தைப் போட்டுப் பாருங்கள். முடிந்த பிறகு டி.வி-யை ஆஃப் செய்துவிட்டு, கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்காமல் இருங்கள். யார் முதலில் பேசுகிறார்கள் என்று பார்ப்போம்!

*(மன அழுத்தமோ, தற்கொலை எண்ணமோ இருந்தால் தனியாகச் சுமக்காதீர்கள். தமிழ்நாடு சுகாதாரத் துறையின் 104, டெலி-மானஸ் 14416 ஆகிய எண்களில் எந்த நேரமும் பேசலாம்.)*