பிள்ளைகளின் நாட்டமும் பெற்றோரின் பிடிவாதமும்

பிள்ளை பத்தாம் வகுப்புத் தேறியதும் நம் இல்லங்களில் ஓர் ஆலோசனை மன்றம் கூடுகிறது. வாப்பா பேசுவார்; மாமா பேசுவார்; வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருக்கும் மச்சானும் பேசுவார். மருத்துவமா, பொறியியலா, கடல் கடந்த உத்தியோகமா என்று முடிவும் செய்துவிடுவர். “உனக்கு எதில் நாட்டம்?” என்னும் கேள்வி மட்டும் அம்மன்றத்தில் எழுவதேயில்லை. இதனைப் பரிவு என்கின்றனர். நாம் அநீதி என்கிறோம்.

இளையோர் கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுக என்பதன்று நம் வாதம். பிள்ளையின் ஆற்றலைக் கூர்ந்து நோக்கி, அதற்குரிய வழியில் அவனை நிறுத்துவது பெரியோர் கடமை என்பதே. பத்ருக்குப் புறப்பட்ட படையில் சேர வந்த ஸைத் இப்னு ஸாபித் (ரலி) சிறுவர் என்று திருப்பி அனுப்பப்பட்டார். அவருடைய நினைவாற்றலை அறிந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள் யூதரின் எழுத்தைக் கற்குமாறு அவரைப் பணித்தார்கள். அரைத் திங்களில் அவர் அதில் தேர்ந்தார். பின்னாளில் திருக்குர்ஆனைத் தொகுக்கும் பெரும்பணி அவரிடமே வந்து சேர்ந்தது. கவிஞர் ஹஸ்ஸான் (ரலி) அவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே மேடை கிடைத்தது. பிலால் (ரலி) அவர்களின் குரலுக்குப் பாங்கு கிடைத்தது. வாளேந்தியவர்தாம் தோழர் என்று எவரும் சொல்லவில்லையே!

“நாட்டம் சோறு போடுமா?” என்பர். நியாயமான கேள்விதான். ஆயினும் பிழைப்புக்காக நாட்டத்தைப் புதைத்தாக வேண்டும் என்பது எந்த நியாயம்? நீதிபதி மு.மு. இஸ்மாயீல் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக உயர்ந்தவர். கம்பனில் தோய்ந்த பேரறிஞராகவும் திகழ்ந்தார். தொழில் சட்டம், நாட்டம் தமிழ். ஒன்று மற்றொன்றைக் கெடுத்துவிடவில்லை. பெண்மக்களிடமோ அக்கேள்வியை நாம் நினைத்தும் பார்ப்பதில்லை. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் ‘காதலா கடமையா’ என்னும் நாவலை வெளியிட்டது 1938-இல். அன்று ஒரு முஸ்லிம் பெண்மணியால் இயன்றது இன்று நம் மகளிர்க்கு இயலாதோ?

பெற்றோரை மட்டும் சாடி நாம் தப்ப முடியாது. நம்மிடம் ஓதிய மாணவன் ஒருவன் ஏட்டின் ஓரங்களில் அரபு எழுத்துகளைக் கொடிபோல் வளைத்து எழுதிக்கொண்டிருப்பான். ஏட்டைப் பாழாக்குகிறான் என்று பிரம்பை எடுத்தோம். அதன்பின் அவன் எழுதவில்லை. பல்லாண்டுகள் கழித்து ஊர்ப் பள்ளிவாசலில் மிஹ்ராபின்மேல் அழகெழுத்து எழுத வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். அயல்நாட்டுக் கடையொன்றில் கணக்கெழுதி வந்த அம்மாணவன், விடுமுறையில் வந்தவன், நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். நம்மைக் கண்டதும் ஸலாம் கூறி அகன்றான். அன்றடைந்த வெட்கம் இன்றும் நம்மைவிட்டு நீங்கவில்லை.

பெற்றோர்களே! எவரும் ஏவாமலே உங்கள் பிள்ளை எதைச் செய்கிறது என்று கவனியுங்கள். அதில் வல்லாரிடம் அதனை அழைத்துச் செல்லுங்கள். ஜமாஅத்தார் வழங்கும் உதவித்தொகை ஓவியம் பயில்வோனுக்கும் வரலாறு பயில்வோளுக்கும் உரியதாகட்டும். பிள்ளைகள் நம் உடைமை அல்லர், அமானிதம். ஒப்படைத்தவன் கணக்குக் கேட்கும் நாளில், “ஊரார் சென்ற வழியில் அனுப்பினோம்” என்பது விடையாகுமா?