இடப்பெயர்வு வரைபடத்தில் சேரி எங்கே?

பொங்கல் கழிந்த பத்து நாளைக்குள் விழுப்புரம் மாவட்டத்துச் சேரிகளில் பூட்டுகள் தொங்கத் தொடங்கிவிடும். பானை, பாய், கோழி, கைக்குழந்தை எல்லாம் ஒரே வேனில் ஏறும். முன்பணம் வாங்கியவர்கள் திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கத்துச் சூளைகளுக்குக் கல் அறுக்கப் போவார்கள். மற்றவர்கள் கரும்பு வெட்டுக்கு. சில வீடுகளில் ஒரு கிழவியும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் மிஞ்சுவார்கள். பல வீடுகளில் அதுவும் இல்லை. மழைக்கு முன்னால்தான் திரும்பி வருவார்கள். 2027 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் தெருவுக்குள் நுழையும்போதும் இந்தப் பூட்டுகள் தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.

எங்கள் மாலைநேர வகுப்புக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் இந்தப் போக்குவரத்தைப் படமாக வரையலாம் என்று கிளம்பினார்கள். க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளும் பழைய மடிக்கணினி ஒன்றும்தான் கையிருப்பு. நான் தமிழ் படித்த ஆள். கணினியில் தட்டச்சுக்கு மேல் தெரியாது. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது, ஒரு கோடு போடுவதில் இவ்வளவு அரசியல் இருக்கிறதா என்று மலைத்துப்போனேன்.

வேலை என்னவோ எளிது. எக்செல் தாளில் எங்கிருந்து, எங்கே, எத்தனை பேர் என்று மூன்று நிரல் எழுத வேண்டும். இரண்டு இடங்களுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை சேர்த்துக் கொடுத்தால் மென்பொருள் புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்துவிடும். ஆள் கூடக் கூடக் கோடு தடிக்கும்படி சொல்லலாம். போகிற திசைக்கு அம்புக்குறி வைக்கலாம். ஓட்ட வரைபடம் என்பது இவ்வளவுதான். எல்லாக் கோட்டையும் காட்டினால் பூனை கையில் சிக்கிய நூல்கண்டாகிவிடும் என்பதால், குறைந்த ஆட்கள் போகும் கோடுகளை வடிகட்டி எடுத்துவிடுவது வழக்கம். எத்தனை பேருக்குக் கீழே என்றால் கோடு வேண்டாம் என்று முடிவு செய்வது வரைகிறவர். ஊருக்கு இரண்டு வீடு, மூன்று வீடு என்று சிதறிக்கிடக்கும் புதிரை வண்ணார் குடும்பங்கள் அந்த ஒரு சொடுக்கில் காணாமல் போவார்கள்.

இந்த வகைப் படம் புதிதல்ல. ஷார்ல் ஜோசப் மினார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், 1858ஆம் ஆண்டில் உலகெங்கும் கடல் கடந்து குடியேறப் போனவர்களைத் தடித்த வண்ணப் பட்டைகளாக வரைந்து வைத்தார். இந்தியாவிலிருந்து கிளம்பும் பட்டையும் அதில் உண்டு. சென்னை மாகாணத்திலிருந்து மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய நம் மக்களும் அந்தப் பட்டைக்குள் இருக்கிறார்கள். எந்த ஊர், எந்தச் சேரி என்பதைப் பட்டை சொல்லாது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு மென்பொருள் வந்தும் அந்த இடத்தில் நாம் பெரிதாக நகர்ந்துவிடவில்லை.

பிள்ளைகள் முதலில் வரைந்த படத்தில் எங்கள் கிராமத்துக்கான புள்ளி ஏரிக்குள் விழுந்தது. எல்லாக் கோடுகளும் தண்ணீருக்குள்ளிருந்து கிளம்பின. சிரித்துவிட்டோம். காரணம் எளிது. அரசுக் கணக்கில் கிராமம் என்றால் வருவாய்க் கிராமம். அதற்கு ஓர் எண் உண்டு, எல்லை உண்டு. அந்த எல்லையின் நடுப்புள்ளியை மென்பொருள் கணக்கிட்டு எடுத்துக்கொள்கிறது. ஊரும் சேரியும் தனித்தனியாக இருப்பது நாட்டுக்கே தெரியும். ஆனால் கணக்கெடுப்பில் சேரிக்கென்று தனி எண் கிடையாது. கிராமத்தில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று அட்டவணை சொல்லும். எந்தப் பக்கத்திலிருந்து ஆள் கிளம்பிப் போகிறது என்று சொல்லாது. பிள்ளைகள் ஏரியிலிருந்து புள்ளியைப் பிடித்து இழுத்துச் சேரித் தெருவில் வைத்தார்கள். ஊர்த் தெருவுக்கும் தனியாக ஒரு புள்ளி வைத்தார்கள். உடனே படம் பேச ஆரம்பித்தது. ஊர்ப் புள்ளியிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் மெல்லிய கோடுகள். படித்து வேலைக்குப் போனவர்கள். சேரிப் புள்ளியிலிருந்து சூளைகளுக்குத் தடித்த கோடுகள். இரண்டையும் ஒரே புள்ளியில் குவித்தால், ‘இந்தக் கிராமத்தார் வெளியூர் போய் முன்னேறுகிறார்கள்’ என்று யாரும் அறிக்கை எழுதிவிடலாம்.

‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்றோம். இழிவாகிப்போன பெயர் போகட்டும். பெயரை எடுக்கும் கையோடு, அந்தக் குடியிருப்புக்கு வரைபடத்தில் ஒரு புள்ளியையும் கொடுத்தால் என்ன?

இனி அரசின் தரவுக்கு வருவோம். 2011 கணக்கின்படி இந்தியாவில் இடம்பெயர்ந்தோர் ஏறத்தாழ 45 கோடிப் பேர். எண்ணைக் கேட்டால் நாடே மூட்டை கட்டிவிட்டதுபோல் தோன்றும். அதில் மிகப் பெரும் பங்கு, கல்யாணமாகிப் புருஷன் ஊருக்குப் போன பெண்கள். காரணம் பார்த்துப் பிரிக்காமல் ஓட்ட வரைபடம் போட்டால் அது நாட்டின் கல்யாண வரைபடமாகத்தான் இருக்கும். சரி, காரணம் பார்த்துப் பிரிக்கிறோம் என்றால் வேறொரு சிக்கல். படிவத்தில் வேலை, தொழில், கல்வி, திருமணம், பிறந்தபின் இடம்பெயர்ந்தது, குடும்பத்தோடு வந்தது, மற்றவை என்று கட்டங்கள் இருந்தன. சூளையில் மண் குழைத்து, கல் அறுத்து, அடுக்கிக் காயவைக்கும் வேலை ஒரு ஜோடியின் வேலை. புருஷன் பேரில் முன்பணம், புருஷன் பேரில் கணக்கு நோட்டு. விடியுமுன் எழுந்து அவனுக்குச் சமமாகவும் அவனுக்கு மேலாகவும் உழைக்கிற பெண் ‘குடும்பத்தோடு வந்தவர்’ ஆகிவிடுகிறார். வேலைக்கான கோட்டை மட்டும் வரைந்தால் சூளையில் பெண்ணே இருக்க மாட்டார்.

எங்கே போனார்கள் என்பதாவது கிடைக்குமா? வழக்கமாக வெளியிடப்படும் அட்டவணைகளில் ‘மாநிலத்தின் பிற மாவட்டங்கள்’ என்று ஒரே பெட்டி. விழுப்புரத்திலிருந்து திருவள்ளூர் போனவரும் நீலகிரி போனவரும் அதற்குள்தான். இத்தனைக்கும் 2011 படிவத்தில் முன்பு வசித்த ஊரின் பெயர், மாவட்டம், மாநிலம் மூன்றையும் கேட்டு எழுதினார்கள். கேட்டு வாங்கிய தகவலைத் தொகுத்து வெளியிட மட்டும் மனம் வரவில்லை. அந்தத் தேதிக்கு விழுப்புரம் மாவட்டம் கள்ளக்குறிச்சியையும் சேர்த்தது. 2019 நவம்பரில் அது பிரிந்துபோனது. அன்று மாவட்டத்துக்குள் நடந்த இடப்பெயர்வு இன்று மாவட்டம் விட்டு மாவட்டம். பழைய எண்ணைப் புதிய எல்லை மேல் ஒட்டி யாராவது படம் கொண்டுவந்தால் நம்பிவிடாதீர்கள்.

மாநில எல்லையைத் தாண்டும் கோட்டில்தான் பெரிய அநியாயம் இருக்கிறது. அரசமைப்பின் 341ஆம் பிரிவின்படி பட்டியல் சாதி என்பது மாநிலத்துக்கு மாநிலம் தனிப் பட்டியல். இங்கே பட்டியல் சாதியாக இருப்பவர் பிழைக்க வேறு மாநிலம் போனால், அங்கே அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே சாதிப் பெயர் அந்த மாநிலப் பட்டியலில் இருந்தாலும் இதே கதிதான். 2018இல் பீர் சிங் வழக்கில் அரசமைப்பு அமர்வு இந்த நிலையை உறுதி செய்தது. ஆளோடு சாதி போகிறது. வாடகை வீடு கேட்டால் சாதி முன்னால் வந்து நிற்கிறது. சான்றிதழ் மட்டும் எல்லையில் செல்லாக்காசு. கணக்கெடுப்பும் அந்தந்த மாநிலப் பட்டியலை வைத்துத்தான் எண்ணுகிறது. போய்ச்சேர்ந்த மாநிலத்தில் இல்லாத சாதிப் பெயரைச் சொன்னால் அவர் பட்டியல் சாதியாகவே எண்ணப்பட மாட்டார். ஆக, தமிழ்நாட்டிலிருந்து வெளிமாநிலம் போன தலித்துகளுக்கு ஓட்ட வரைபடம் போட உட்கார்ந்தால், கோட்டின் ஒரு முனையில் தலித் இருப்பார், மறுமுனையில் இருக்க மாட்டார்.

எண்ணாததன் விலையை 2020இல் பார்த்தோம். ஊரடங்கில் வீடு திரும்பும் வழியில் இறந்த தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று கேட்டபோது, அப்படியொரு கணக்கு வைத்திருக்கவில்லை என்று ஒன்றிய அரசு அந்த செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது. இழப்பீட்டுப் பேச்சு அத்தோடு முடிந்தது.

எங்கள் பிள்ளைகளின் படத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதை டீக்கடைப் பெஞ்சில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆள் சேர்க்கும் மேஸ்திரி ஒருவர் எட்டிப்பார்த்தார். “இன்னும் கிளம்பாம இருக்கிற வீடு எதெதுன்னு இதுல தெரியுமா தம்பி?” என்று கேட்டார். அன்று ராத்திரியே வீடுவாரியாக இருந்த தகவலை அழித்துவிட்டுத் தெருவாரியாகச் சேர்த்துவைத்தார்கள். பெயர், கைப்பேசி எண், முன்பணத் தொகை எதுவும் படத்துக்குள் போகக் கூடாது. நம் ஆட்களைத் தேடிக் கண்டுபிடிக்க நாமே வழி போட்டுக் கொடுத்ததாகிவிடும். இந்த வேலையில் இறங்க நினைக்கும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பொங்கலுக்குப் பிந்தைய பள்ளி வருகைப் பதிவேடு ஒரு நல்ல தொடக்கம். எந்தத் தெருப் பிள்ளைகள் எந்த வாரத்திலிருந்து வரவில்லை என்று ஆசிரியர்களுக்குத் தெரியும்.

படத்தைப் பார்த்த பாட்டி ஒருவர் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. “போற கோடு போட்டிருக்கீங்க, வர்ற கோடு எங்கப்பா?” முன்பணம் கழியாமல் அடுத்த பருவத்துக்கும் அங்கேயே தங்கிவிட்ட மகனை நினைத்துக் கேட்டார். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். கோடு ஒரு பக்கம் மட்டும் போகும் இடங்களைத்தான் அதிகாரிகள் முதலில் சோதிக்க வேண்டும்.

2011க்குப் பிறகு இப்போதுதான் கணக்கெடுப்பு வருகிறது. வீட்டுப் பட்டியல் வேலைக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காலம் குறித்திருக்கிறார்கள். தை மாதம் முளைக்கும் சூளைக் குடிசைகள் அந்தப் பட்டியலில் இருக்க வழியில்லை. கணக்கெடுப்பு நாட்கள் முழுவதும் வீட்டில் இல்லாதவரை அவர் இருக்கும் இடத்தில்தான் எண்ண வேண்டும் என்பது கடந்தமுறை விதி. கதவு எண் இல்லாத குடிசை வரிசைக்குக் கணக்கெடுப்பாளரை யார் கூட்டிப்போவது, சூளை முதலாளியா? அவர் முன்னால் நின்றுகொண்டு எங்கள் பெண்கள் எந்தக் கட்டத்தில் குறி போடச் சொல்வார்கள்?

திருவள்ளூர், செங்கல்பட்டு ஆட்சியர்கள் தங்கள் மாவட்டச் சூளைகளின் பட்டியலைத் தயாரித்து, சூளைக்கொரு கணக்கெடுப்பாளர் என்று இப்போதே பெயர் குறிக்க வேண்டும். முதலாளியும் மேஸ்திரியும் இல்லாத இடத்தில், பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். மாவட்டத்திலிருந்து மாவட்டத்துக்கான எண்ணிக்கையைப் பட்டியல் சாதியினருக்குத் தனியே பிரித்து வெளியிட வேண்டும். 2011 இடப்பெயர்வு அட்டவணைகளில் முக்கியமானவை 2019இல் வெளிவந்தன, அந்தத் தாமதம் இம்முறை கூடாது. இதைக் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். வரும் திங்கள் குறைதீர் நாளில் எங்கள் மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கிறோம், அந்தப் படத்தையும் இணைத்து.