எண்ணூறு கிலோமீற்றர் தெற்கே

விஞ்ஞானப் புனைகதைக்கு இரசிகர் குழாம் ஒன்று தோன்றிய நாள்முதல் அதனுள் ஓயாது ஒலித்துவரும் முறைப்பாடு ஒன்றுண்டு. கதையில் அரசியல் வேண்டாம், விண்கலமும் விண்மீனும் போதும் என்பதே அதன் சாரம். விரும்பிய தொடரொன்றின் புதிய பாகத்தில் போரோ, இனமோ, ஆட்சியோ தலைகாட்டியதும் இக்குரல் உயர்கின்றது. பழைய பாகங்களில் இவை எவையும் இருந்ததில்லை என்றும் சாதிக்கின்றது. இக்கூற்று வரலாறு அறியாமையிலிருந்து மட்டும் பிறப்பதன்று. ஒரு வசதியான மறதியிலிருந்தும் பிறப்பது. இதனை விளக்குவதற்கு நியூயோர்க்கிற்கும் மொஸ்கோவிற்கும் சென்றுவர வேண்டியிருப்பினும், புறப்படும் இடமும் வந்துசேரும் இடமும் மாத்தளை மாவட்டத்துச் சீகிரியாவே. ஏனெனில், 'ஒடிசி' என்னும் புகழ்பெற்ற தொடரை எழுதிய ஆதர் சீ. கிளாக் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். சீகிரியாவை 'யக்ககல' எனப் பெயர் மாற்றித் தமது நாவலொன்றின் நடுவே நிறுத்தியவர்.

சீகிரியாவுக்குச் சொந்தமாகவே ஓர் இரசிகர் மரபு உண்டு. எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை அக்குன்றுக்கு வந்தோர் கண்ணாடிச் சுவரிலே தம் பாக்களைக் கீறிச் சென்றனர். அவற்றுள் 685 பாக்களைச் செனரத் பரணவிதான வாசித்து 1956 இல் நூலாக வெளியிட்டார். அவற்றுட் பெரும்பாலானவை பாறையில் தீட்டப்பெற்ற பொன்னிற மகளிரை நோக்கிப் பாடப்பட்டவை. தந்தை தாதுசேனனைக் கொன்று கி.பி. 477 இல் அரியணை ஏறிய காசியப்பனின் கோட்டை இது என்ற நினைவு அவ்வியப்பின் ஓரத்திலேயே ஒதுங்கி நிற்கின்றது. வெயிலில் ஏறி வந்தவன் ஓவியத்தைக் கண்டு மகிழ்வதைக் குறைகூற எவருக்கும் மனம் வராது. ஆயின், பௌத்த துறவியர் மரபில் எழுந்த சூளவம்சம் காசியப்பனைத் தந்தையைக் கொன்ற பாதகனாகவே நிறுத்திற்று. பரணவிதானவோ அவனைக் குபேரனின் அளகையை மண்ணிலே சமைக்க முனைந்த தெய்வ மன்னனாகக் கண்டார். 1967 ஒக்டோபரில் அவ்வோவியங்கள்மீது எவரோ பச்சை வர்ணத்தை வீசிச் சிதைத்தனர். ஓவியத்தை ஓவியமாக மட்டும் பார்க்கும் பேறு சீகிரியாவில் எவருக்கும் நெடுங்காலம் வாய்த்ததில்லை.

இனி அமெரிக்க இரசிகர்பால் வரலாம். அரசியல் கலவாத பொற்காலம் ஒன்று அவர்களிடையே முன்பு நிலவியதாகச் சொல்லப்படுகின்றது. 1939 ஜூலையில் நியூயோர்க்கில் கூடிய முதலாவது உலக விஞ்ஞானப் புனைகதை மாநாட்டின் வாயிலிலேயே அப்பொற்காலத்தின் இலட்சணம் வெளிப்பட்டது. 'பியூச்சரியன்கள்' எனப்பட்ட இடதுசாரி இளைஞர் குழுவைச் சேர்ந்த அறுவர் உள்ளே நுழையாதபடி தடுக்கப்பட்டனர். விஞ்ஞானப் புனைகதை இரசிகர் சமூக மாற்றத்துக்காகவும் உழைக்கவேண்டும் என வாதித்துவந்த குழு அது. அரசியலைப் புகவிடக்கூடாது என்போர் முதலில் செய்த காரியம் மனிதரைப் புகவிடாமையே. தடுக்கப்பட்டவருள் ஒருவரான பிரெடெரிக் போல் பிற்காலத்தில் 'கலக்சி' இதழின் ஆசிரியரானார். அவ்விதழின் 1968 ஜூன் பகுதியில் இரண்டு கட்டண விளம்பரங்கள் எதிரெதிரே வெளியாயின. வியட்நாமில் அமெரிக்கா நிலைத்து நிற்கவேண்டும் என்று ஒன்று. வெளியேற வேண்டும் என்று மற்றது. முதலாவதில் ரொபேட் ஹைன்லைன், போல் அண்டர்சன் முதலியோரும், இரண்டாவதில் ஐசாக் அசிமோவ், உர்சுலா லெ குவின், 'ஸ்டார் ட்ரெக்' தொடரைப் படைத்த ஜீன் ரொடன்பெரி முதலியோரும் கையொப்பமிட்டிருந்தனர். அவர்களின் கதைகளை வாசித்தோர் இக்கையொப்பங்களைக் கண்டு திகைத்திருந்தால், கதைகளைச் சரிவர வாசிக்கவில்லை என்பதே பொருள்.

'ஒடிசி' தொடரும் இதற்கு விலக்கன்று. '2001' என்னும் திரைப்படமும் நாவலும் 1968 இல் வெளிவந்தன. ஆதிமனிதன் வானில் எறியும் எலும்பு விண்வெளிக் கலமாக மாறும் காட்சியை அறியாத இரசிகர் இலர். அக்கலம் அணுகுண்டைச் சுமந்து புவியைச் சுற்றுவது என்பதே முதலில் கருதப்பட்ட பொருள். ஸ்டான்லி குப்ரிக் அதனைத் திரையில் வெளிப்படக் கூறாது விட்டார்; கிளாக்கின் நாவலோ வானத்தில் தொங்கும் குண்டொன்றை வெடிக்கச் செய்தே முடிகின்றது. விண்வெளியில் அணுவாயுதங்களை நிறுத்துவதைத் தடைசெய்யும் உடன்படிக்கை 1967 இலேதான் கைச்சாத்தாகியிருந்தது. இத்தகைய கதையைத் தூய தரிசனம் எனக் கொண்டாடுவோர், 1984 இல் வெளிவந்த '2010' திரைப்படத்தில் அமெரிக்காவும் சோவியத்தும் போரின் விளிம்பில் நிற்பதைக் கண்டு, அரசியல் புகுந்து தொடரைக் கெடுத்துவிட்டது என்கின்றனர்.

அவர்தம் வாதத்துள் வலிமை வாய்ந்தது ஒன்றுண்டு. அரசியல் விரைவிற் பழசாகும், விஞ்ஞானம் நிலைக்கும். சோவியத் ஒன்றியம் 1991 டிசம்பரில் கலைந்ததோடு '2010' உம் காலாவதியாயிற்று என்பது அது. ஆயின் '2001' இல் பயணியை விண்வெளிக்கு ஏற்றிச்செல்லும் கலத்தில் பொறிக்கப்பட்டிருப்பது 'பான் ஆம்' விமானக் கம்பனியின் பெயர். அக்கம்பனியும் அதே 1991 டிசம்பரில் தன் சேவையை நிறுத்தியது. வல்லரசு வீழ்ந்ததும் ஒரு படம் பழசாகிறது, கம்பனி வீழ்ந்ததும் மற்றது பழசாகவில்லை என்றால், தனியார் மூலதனம் அரசியலன்று, இயற்கை என்று எண்ணும் பழக்கமே அங்கு பேசுகின்றது.

சோவியத் அதிகாரிகளாவது இவ்விடயத்தில் நேர்மையாகத் தவறிழைத்தனர். '2010' நாவலை 'தெஹ்னிக்கா மொலொத்யோஷி' என்னும் மொஸ்கோ இதழ் 1984 இல் தொடராக வெளியிடத் தொடங்கிற்று. கதையின் விண்கலத்திலுள்ள சோவியத் மாந்தர் பலருக்கு அந்நாட்டு அதிருப்தியாளர்களின் குடும்பப் பெயர்கள் சூட்டப்பட்டிருந்தமை பின்னரே கண்டுகொள்ளப்பட்டது. தொடர் இடைநடுவில் நிறுத்தப்பட்டது, இதழாசிரியர் பதவியிழந்தார். தணிக்கையாளன் பெயர்ப்பட்டியலிலும் அரசியலைக் காண்கின்றான். இரசிகனோ குண்டு வெடித்தாலும் காணமாட்டேன் என்கின்றான்.

அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் நடந்த இன்னொரு சம்பவமும் குறிப்பிடத்தக்கது. ஜனாதிபதி றேகன் 1983 மார்ச்சில் அறிவித்த விண்வெளிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு, ஜோர்ஜ் லூக்காஸின் திரைப்படப் பெயரான 'ஸ்டார் வோர்ஸ்' என்பதே வழக்குப் பெயராயிற்று. அப்பெயரை விளம்பரங்களிற் பயன்படுத்துவதைத் தடுக்க லூக்காஸின் நிறுவனம் 1985 இல் வழக்குத் தொடுத்துத் தோற்றது. அத்திட்டத்தைக் கிளாக் கண்டித்திருந்தார். 1984 இல் எழுத்தாளர் லரி நிவனின் இல்லத்தில் நடந்த கூட்டமொன்றில், அமெரிக்கரல்லாத ஒருவருக்கு இதில் பேச உரிமையில்லை என்ற தோரணையில் ஹைன்லைன் அவர்மீது சீறினார். நெடுங்கால நட்பு அதனால் முறிவடைந்தது. அண்டம் முழுவதையும் எழுதலாம், அமெரிக்க வரவுசெலவைப் பற்றி மட்டும் வாய்திறக்கலாகாது போலும்!

இவ்வாறு தம் தொடரின் அரசியலை மறைக்காத கிளாக், தாம் வாழ்ந்த தீவை எழுதியபோது என்ன செய்தார் என்பதே இங்கு முதன்மையான வினா. 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' என்னும் நாவல் 1979 இல் வெளிவந்தது. உலக மாநாட்டு இரசிகர்கள் வாக்களித்து வழங்கும் ஹியூகோ விருது 1980 இல் அதற்குக் கிடைத்தது. பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறிச்செல்லும் உயர்த்தியொன்றை நிறுவ முயலும் பொறியியலாளன் வன்னிவர் மோர்கனின் கதை அது. அத்தகைய உயர்த்தி மத்திய கோட்டிலிருந்து 36,000 கிலோமீற்றர் உயரத்திலுள்ள சுற்றுப்பாதையை எட்டவேண்டும். இலங்கை மத்திய கோட்டில் இல்லை. ஆகவே கிளாக் தீவையே ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தித் 'தப்ரபேன்' என்னும் பழம்பெயரைச் சூட்டினார். சீகிரியா யக்ககல ஆயிற்று. காசியப்பன் காளிதாசன் ஆனான். முகலன் மல்கரா ஆனான். தமிழர் சிவனொளிபாதமலை எனப் போற்றும் மலை 'சிறீகந்த' ஆயிற்று.

புனைகதையாளனுக்கு இவ்வுரிமை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயின் பெயர்மாற்றம் அப்பாவித்தனமான காரியம் என்று இத்தீவில் எவரும் எண்ணமுடியாது. கிளாக் வந்து குடியேறிய 1956 ஆம் ஆண்டே சிங்களம் மட்டும் அரசகரும மொழி எனச் சட்டமியற்றப்பட்ட ஆண்டு. மணலாறு என வழங்கிய நிலப்பரப்பு 1980களில் மகாவலித் திட்டத்தின்கீழ் வெலி ஓயா ஆயிற்று. அங்கு மாறியது வரைபடத்து எழுத்து மட்டுமன்று, குடியிருந்த மக்களுமாவர்.

நாவலின் மையச் சிக்கல் நிலம் பற்றியது. உயர்த்திக்கு ஏற்ற ஒரே மலையுச்சியில் பன்னூறாண்டுப் பழைமையுடைய பௌத்த மடமொன்று இருக்கின்றது. துறவியர் வெளியேற மறுக்கின்றனர். மனிதகுல முன்னேற்றம் எனப்படுவதற்காக ஒரு மக்கட் குழு தன் இடத்தை விட்டுப் போகவேண்டுமா, யார் அதனைத் தீர்மானிப்பது என்னும் வினாவை நாவல் துணிவோடு எழுப்புகின்றது. எழுப்பிய பின் அதனைக் கைவிட்டு ஓடுகின்றது. வாதத்தாலோ இழப்பீட்டாலோ மடம் அசையவில்லை. திட்டத்தைக் குலைக்க எண்ணி, முன்னாள் வானியற்பியல் அறிஞரான துறவி ஒருவர் செயற்கையாகப் புயலை எழுப்புகின்றார். அப்புயல் பொன்னிற வண்ணத்துப்பூச்சிகளை மலையுச்சியிற் கொண்டுபோய்ச் சேர்க்கின்றது. காளிதாசனின் போர்வீரரின் ஆவிகள் எனக் கருதப்படும் அப்பூச்சிகள் உச்சியை அடையும் நாளில் மடம் வீழும் என்பது பழைய வாக்கு. துறவியர் தாமாகவே இறங்கிச் செல்கின்றனர். மோர்கனின் கைகள் கறைபடவில்லை, வெளியேற்றியவர் எவருமிலர், காற்றுத்தான் வெளியேற்றியது!

கோயிலொன்று எவ்வாறு தன் மலையை விட்டு நீங்குகின்றது என்பது கிளாக்கிற்குத் தெரியாத விடயமன்று. திருகோணமலைக் கடலில் அவரும் அவர் தோழர் மைக் வில்சனும் சுழியோடியபோது, 1956 இல் வில்சன் கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கடலடியிற் கண்டார். 'த ரீஃப்ஸ் ஒஃப் தப்ரபேன்' என்னும் 1957 ஆம் ஆண்டு நூலில் கிளாக் அதனை விவரித்தார். பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் அக்கோயிலை இடித்துக் கற்களைக் கோட்டை கட்ட எடுத்துக்கொண்டனர். எஞ்சியவை கடலுள் வீழ்ந்தன. வண்ணத்துப்பூச்சி எதுவும் அங்கு வரவில்லை. அத்தூண்கள் கிடக்கும் கடலில் நீந்தியவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் மலையுச்சியிலிருந்து ஒரு மடத்தை அகற்ற நேர்ந்தபோது காற்றையும் பூச்சியையும் துணைக்கழைத்தமை வெறும் கதைத் தேவையால் மட்டும் நேர்ந்ததெனக் கொள்ளமுடியவில்லை.

நாவல் வெளிவந்த காலத்தை நோக்கினால் இத்தப்புதலின் பாரம் இன்னும் தெளிவாகும். முப்பது ஆண்டுகளுக்கென வகுக்கப்பட்ட மகாவலித் திட்டத்தை ஆறு ஆண்டுகளுக்குச் சுருக்குவதென 1977 இன் பின் அரசு முடிவுசெய்தது. விக்ரோறியா அணைக்கட்டின் நீர்த்தேக்கத்துள் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கிற்று. பேராதனையிலிருந்து பஸ் ஏறிச் சென்று பார்க்கக்கூடிய தூரத்தில் நடந்த காரியம் இது. பொறியியலின் பெருஞ்சாதனைக்காக இடம்பெயர்வது இருபத்திரண்டாம் நூற்றாண்டுக் கற்பனையன்று. நாவல் அச்சேறிய நாளிலேயே இந்நாட்டு மக்களுக்கு விதிக்கப்பட்டிருந்த நடைமுறை.

இதற்கு இரசிகர் கூறும் மறுமொழி ஒன்றுண்டு. நாவல் துண்டுப்பிரசுரமன்று, ஆசிரியர் எழுதாததை எழுதவில்லை என வழக்காடலாகாது என்பர். முற்பாதி ஏற்கத்தக்கதே. பிரசாரக் கதைகளின் வறட்சியை ஈழத்து இலக்கியம் வேண்டுமளவு கண்டுவிட்டது. ஆயின் இங்கு வினவப்படுவது ஆசிரியர் எழுதாத ஒன்றையன்று. அவரே எழுதத் தொடங்கி, நூறு பக்கங்களுக்கு மேல் வளர்த்து, இறுதியில் புயலிடம் ஒப்படைத்த ஒன்றை. அரசியற் குறையாக மட்டுமன்றி, அது கலைக் குறையாகவும் ஆகின்றது. மோர்கன் மடாதிபதியை வாதில் வென்றிருந்தால், அல்லது வன்முறையால் வென்று அதன் சுமையைத் தாங்கியிருந்தால், காளிதாசனுக்கும் அவனுக்கும் இடையே நாவல் இழைக்கும் ஒப்புமை முழுமை பெற்றிருக்கும். சூளவம்சத்துக் காசியப்பன் தான் செய்ததன் விலையைச் செலுத்துகின்றான். யானை சேற்று நிலத்தை விலக்கித் திரும்ப, படை அதனைப் பின்வாங்கலெனக் கொண்டு சிதற, தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்கின்றான். துறவியர் எழுதிய பழைய வரலாறு இவ்வகையில் நவீன நாவலினும் கண்டிப்பானது.

இலங்கை வாசகரின் பெருமிதமும் இம்மறதிக்குத் துணைபோகின்றது. உலகப் புகழ்பெற்ற நாவலில் சீகிரியா வருகிறது என்பதே போதுமென அவர் மனநிறைவு கொள்கின்றார். கிளாக் 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தமையும், அவர் பெயரால் 1984 இல் தொழினுட்ப நிலையமொன்று நிறுவப்பட்டமையும் அப்பெருமிதத்தை வளர்த்தன. நகர்த்தப்பட்ட தீவில் யார் யார் எங்கு வாழ்கின்றனர், எம்மொழி பேசுகின்றனர் என்று நாவலை வரிவரியாக வாசித்து வாதிடும் கூட்டம் ஒன்று இங்கு உருவாகியிருக்க வேண்டும். மேலைநாட்டு இரசிகர் விண்கலத்தின் கதவு எப்பக்கம் திறக்கும் என்பதற்குக்கூட அவ்வாறு வாதிடுகின்றனர்.

2007 டிசம்பரில், தமது தொண்ணூறாவது பிறந்தநாளையொட்டிக் கிளாக் மூன்று விருப்பங்களை வெளியிட்டார். வேற்றுலக உயிர்களுக்குச் சான்று கிடைக்கவேண்டும் என்பது முதலாவது. எண்ணெயில் தங்கியிருத்தலை விடுத்துத் தூய சக்தி மூலங்களுக்கு மனிதர் மாறவேண்டும் என்பது இரண்டாவது. தாம் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த இலங்கையில் நிலையான சமாதானம் ஏற்படவேண்டும் என்பது மூன்றாவது. அரசியல் வேண்டாம் என்னும் இரசிகர் இம்மூன்றாவதை எப்பக்கத்தில் வைப்பர் என்பதை அவர்களே கூறவேண்டும். 2008 மார்ச் 19 அன்று அவர் கொழும்பிற் காலமானார். போர் அதன் பின்னும் ஓராண்டுக்கு மேல் நீடித்தது.