260 டாலர், 23 ஆளு: ஃபேன்டஸி பேஸ்பால் ஏலத்துல ஒரு சி.ஏ. போட்ட தப்புக் கணக்கு

போன வீடியோவுல பட்ஜெட் பத்திப் பேசும்போது போகிற போக்குல ஃபேன்டஸி பேஸ்பால்னு ஒரு வார்த்தை விட்டேன். யு.எஸ். கிளையன்ட் டீமோட வேலை பார்க்கிற தம்பி தங்கச்சிங்க நிறைய பேர், "எங்களையும் லீக்ல சேரச் சொல்றாங்க, டிராஃப்ட்டுக்கு எப்படித் தயாராகுறது?"ன்னு கேட்டிருந்தீங்க. வீடியோவுல சொன்னா எடிட்டர் வெட்டிடுவார், அதனால எழுத்துல.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: அமெரிக்க மேஜர் லீக் வீரர்களை வெச்சு நாம ஒரு கற்பனை டீம் கட்டுறோம். 1980-ல டேனியல் ஓக்ரன்ட்னு ஒரு பத்திரிகையாளரும் நண்பர்களும் நியூயார்க்குல ஆரம்பிச்ச ஆட்டம். அவங்க கூடிப் பேசின ரெஸ்டாரன்ட் பேராலதான் இன்னிக்கும் ரோட்டிசரி முறைன்னு சொல்றாங்க. வழக்கமான அமைப்பு 12 டீம், ஒவ்வொருத்தருக்கும் 260 டாலர் கற்பனைப் பணம், ஏலத்துல 23 ஆளு எடுக்கணும். அதுல 14 பேட்டர், 9 பிட்ச்சர். ஹோம் ரன், ஸ்டோலன் பேஸ், ஸ்ட்ரைக்அவுட்னு 10 கேட்டகரி. ஒவ்வொண்ணுலயும் முதல் இடத்துக்கு 12 புள்ளி, கடைசிக்கு 1.

எங்க கிளையன்ட் டீம் சிகாகோவுல. அவங்களுக்குச் சனிக்கிழமை ராத்திரி 8 மணின்னா நமக்கு ஞாயிறு காலை 6.30. முதல் வருஷம் காபியோட உட்கார்ந்தேன். சி.ஏ. புத்தி, விலை ஏறினா ஒதுங்கு. எல்லாரும் அடிச்சுப் பிடிச்சு வாங்கும்போது நான் மட்டும் "ஓவர் வேல்யூடு"ன்னு முணுமுணுத்துட்டு இருந்தேன். ஏலம் முடிஞ்சப்போ என் கையில 34 டாலர் மிச்சம். சீசன் முடிவுல 11-வது இடம்.

என்ன தப்புன்னா, சம்பளத்துல மிச்சம் பிடிச்ச 34 ரூபாய்க்கு நாளைக்கும் மதிப்பு இருக்கு. ஏலத்துல மிச்சமான 34 டாலருக்கு மதிப்பு பூஜ்யம். பர்சனல் ஃபைனான்ஸ்ல நாங்க சொல்ற "சேமி, சேமி" இங்க அப்படியே பொருந்தாது. இந்த ஆட்டத்தை வெச்சு முதலீட்டுப் பாடம் எடுக்கிறவங்க இதைத்தான் முதல்ல மறந்துடுறாங்க.

சரி, விலையை எப்படிப் போடுறது? மொத்தப் பணம் 12 பெருக்கல் 260, அதாவது 3,120 டாலர். எடுக்கப்போற ஆளுங்க 276. ஒருத்தருக்குக் குறைஞ்சபட்சம் 1 டாலர் போனா, மீதி 2,844. இந்த 2,844-தான் உண்மையான சண்டை. இது ஒரு வீரரோட மொத்தத் திறமைக்குப் போகக்கூடாது. 1 டாலருக்குக் கிடைக்கிற ஆளை விட அவர் எவ்வளவு கூடுதலாத் தர்றார்ங்கிறதுக்குத்தான் போகணும். பேங்க் எஃப்.டி. கண்ணை மூடிட்டுத் தர்ற வட்டிக்கு மேல ஒரு ஃபண்டு என்ன தருதுன்னு பார்ப்போம்ல, அதே பார்வை.

கேட்சரை எடுத்துக்கோங்க. ஒரு டீமுக்கு 2 கேட்சர், 12 டீமுக்கு 24. மேஜர் லீக்ல இருக்கிறதே 30 டீம். ஸோ கடைசிக் கேட்சர் ரொம்பச் சுமார். கணக்குக்காக, நல்ல கேட்சர் 20 ஹோம் ரன், கடைசிக் கேட்சர் 8. வித்தியாசம் 12. அவுட்ஃபீல்டர் ஒருத்தர் 25 அடிக்கிறார், அந்த இடத்துல 1 டாலருக்குக் கிடைக்கிறவர் 17. வித்தியாசம் 8. 25 அடிச்சவரை விட 20 அடிச்சவருக்கு அதிகம் கொடுக்கலாம். இது புரிஞ்சாலே பாதி லீக்கைத் தாண்டிடுவீங்க.

இன்னொண்ணு, ஒரே கேட்டகரியில குவிக்காதீங்க. ஹோம் ரன்ல ரெண்டாவது ஆளை 2 அடியில ஜெயிச்சாலும் 60 அடியில ஜெயிச்சாலும் அதே 12 புள்ளிதான். பழைய வரி முறையில 80சி-க்கு 1.5 லட்சத்துக்கு மேல போட்டுட்டு, கழிவு ஏன் ஏறலைன்னு கேட்கிற மாதிரி.

பழைய விலையை நம்பாதீங்க. 2023-ல பேஸ் அளவைப் பெருசாக்கினாங்க, பிட்ச் கிளாக் கொண்டு வந்தாங்க, ரன்னரைப் பிடிக்க பிட்ச்சர் எறியற தடவைக்கும் வரம்பு வெச்சாங்க. மொத்த ஸ்டோலன் பேஸ் 2022-ல 2,486, 2023-ல 3,503. சப்ளை கூடினா ஒரு ஸ்டீலோட மதிப்பு இறங்கணும். ஆனா 2022 விலைப்பட்டியலை வெச்சு ஓடறவங்களுக்குக் கொட்டிக் கொடுத்தவங்க இருந்தாங்க.

ரெண்டாம் வருஷம், 2024, நான் எதிர்த் திசையில பாய்ஞ்சேன். 2023-ல 41 ஹோம் ரன், 73 ஸ்டீல் எடுத்த ரொனால்ட் அகூன்யா 52 டாலருக்கு. 281 ஸ்ட்ரைக்அவுட் எடுத்த ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் 33-க்கு. ரெண்டு பேரும் அட்லாண்டா பிரேவ்ஸ். பட்ஜெட்ல மூணுல ஒரு பங்கு. ஸ்ட்ரைடர் ரெண்டே மேட்ச் தொடங்கினார், முழங்கையில ஆபரேஷன். அகூன்யாவுக்கு மே 26-ல முழங்கால் தசைநார் கிழிஞ்சுது. மே முடியறதுக்குள்ள 85 டாலர் காலி.

இதுல எல்லாரும் "ஸ்டாரை வாங்காதே"ன்னு முடிவுக்கு வருவாங்க. எனக்கு உடன்பாடில்லை. அகூன்யா விலை சரி, நடந்தது துரதிர்ஷ்டம். ஸ்ட்ரைடர் விலைதான் என் தப்பு. பிட்ச்சரோட கை எப்ப போகும்னு யாருக்கும் தெரியாது, சீசன் நடுவுல இலவசமா எடுக்கக் கிடைக்கிற பிட்ச்சர்களும் நிறைய. அதனால இப்ப பேட்டருக்கு 182, பிட்ச்சருக்கு 78-னு பிரிச்சு, அதை மீறுறதில்லை.

ஏலம் நடக்கும்போது ஒரு எண்ணைக் கண்ணு முன்னாடி வெச்சுக்கோங்க. மீதி 40 டாலர், நிரப்ப வேண்டியது 6 இடம்னா, நீங்க கேட்கக்கூடிய உச்சம் 40 இல்ல, 35. மீதி 5 இடத்துக்கு ஆளுக்கு 1 டாலர் ஏற்கனவே கட்டுப்பட்டது. சம்பளம் வந்ததும் இ.எம்.ஐ. கழிச்சுப் பார்க்கிற மாதிரி. எதிராளியோட உச்சத்தையும் எழுதிட்டே வாங்க. உங்களுக்கு வேண்டாத பெரிய பேரை ஆரம்பத்துலயே ஏலத்துக்கு விடுங்க, அவங்க பர்ஸ் இளைக்கட்டும்.

இப்ப நெஜப் பணம். போன வருஷம் சிகாகோ மேனேஜர், "இந்தத் தடவை ஆளுக்கு 100 டாலர் போடலாமா?"ன்னு கேட்டார். நான் முடியாதுன்னுட்டேன். ஃபெமா விதிகள்ல லாட்டரி, ஃபுட்பால் பூல், ஸ்வீப்ஸ்டேக்குன்னு வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பத் தடை போட்ட பட்டியலே இருக்கு. அதுக்கு மேல 2025 ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டங்களைத் திறமையா அதிர்ஷ்டமான்னு பார்க்காமலே தடை பண்ணுது. 100 டாலருக்காக இதுல தலையைக் கொடுக்கிறதா? "இந்திய ரூல் அலோ பண்ணாது"ன்னு ஒரே வரி மெயில் போடுங்க. மேனேஜர் கோவிச்சுப்பாரோங்கிற பயம் எனக்கும் இருந்துச்சு. அவர் "ஓ, சாரி"ன்னு சொல்லிட்டு இலவச லீக்கையே தொடர்ந்தார்.

போன வருஷம் நாலாவது இடம். ஏலம் முடிஞ்சப்போ கையில மிச்சம் 0 டாலர். விலைப்பட்டியல் எக்செல் ஷீட் வேணும்னா வீடியோ கீழ இருக்கிற லிங்க்ல எடுத்துக்கோங்க. ஆனா போன சீசன் விலை, எண்ணை நீங்களே மாத்தணும்.