கெண்டைக்கால் விறைப்பு: கை சொல்வது சரியா, கருவி சொல்வது சரியா?

பக்கவாதம் வந்தவர்களுக்குக் கெண்டைக்கால் சதை விறைத்துப் போவது உண்டு. மூளைவாதம் உள்ள குழந்தைகள் பலருக்கும் அப்படித்தான். குதிகால் தரையில் படாது. முன்பாதத்தை ஊன்றியே நடப்பார்கள்.

சதை எவ்வளவு விறைப்பாக இருக்கிறது? சிகிச்சை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. அளவு தவறினால் சிகிச்சையும் தவறிவிடும்!

கையே கருவி

டாக்டர் நோயாளியின் பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி மடக்குவார். சதை எவ்வளவு எதிர்க்கிறது என்று பார்த்து மார்க் போடுவார். ஆஷ்வொர்த் என்ற டாக்டர் 1964-ல் வெளியிட்ட முறை இது. விறைப்பு இல்லை என்றால் 0. பாதம் அசையவே இல்லை என்றால் 4.

இதற்குச் செலவு இல்லை. ஆனால் ஒருவர் 2 என்பார்; இன்னொருவர் 3 என்பார். அதைவிடப் பெரிய குறையும் உண்டு. விறைப்பு நரம்பினால் வந்ததா, சதையே குறுகிப் போனதால் வந்ததா என்பதை இந்த மார்க் சொல்லாது.

மெதுவாக, பிறகு வேகமாக

இதற்கு வழி காட்டியவர் பிரான்சு நாட்டு டாக்டர் டார்டியூ. ஆண்டு 1954. பாதத்தை முதலில் மெதுவாக மடக்க வேண்டும். பிறகு வேகமாக மடக்க வேண்டும்.

மெதுவாக மடக்கும்போது வளைந்து கொடுக்கிறது. வேகமாக மடக்கினால் பாதி வழியில் பிடித்துக்கொள்கிறது என்றால், அது நரம்பின் வேலை. ஊசி மருந்து பலன் தரலாம். மெதுவாக மடக்கினாலும் வளையவில்லை என்றால், சதை குறுகியிருக்கக் கூடும். அதற்கு ஊசி மட்டும் போதாது. பயிற்சி, மாவுக்கட்டு, சில சமயம் ஆபரேஷனும் தேவைப்படும்.

எந்திரங்கள் எப்படி?

ஒரு கருவி தோலின் மீது மெல்லத் தட்டும். சதை எப்படி அதிர்கிறது என்று கணக்கிடும். அல்ட்ராசவுண்ட் கருவியோ சதைக்குள் அதிர்வலையை அனுப்பும். விறைத்த சதையில் அலை வேகமாக ஓடும். தளர்ந்த சதையில் மெதுவாக ஓடும்.

எண் அழகாகக் கிடைக்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது! பாதத்தைச் சற்று மேலே மடக்கினாலே எண் ஏறிவிடும். தோலுக்கடியில் கொழுப்பு மிகுந்தால் தட்டும் கருவியின் கணக்கு மாறும். சதை சும்மா இருக்கும்போது அளந்தால், வேகத்தில் வரும் பிடிப்பு தெரியாது.

எது சரி?

முதலில் கை, பிறகு கருவி. இதுதான் சரி. ஒவ்வொரு முறையும் ஒரே ஆள், ஒரே நிலையில் அளக்க வேண்டும். முழங்கால் நீட்டியிருந்ததா, மடங்கியிருந்ததா என்பதையும் குறித்து வைக்க வேண்டும். கருவி இருந்தால், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட உதவும்.

கருவி இல்லாத ஊரிலும் நல்ல சிகிச்சை நடக்கும். மெதுவாக ஒரு தடவை, வேகமாக ஒரு தடவை மடக்கிப் பார்க்காத இடத்தில்தான் சந்தேகப்பட வேண்டும். "இரண்டு விதமாகவும் பார்த்தீர்களா, டாக்டர்?" என்று பெற்றோர் தாராளமாகக் கேட்கலாம். கேட்பதில் குற்றமில்லை. நடக்க வேண்டியது அவர்கள் பிள்ளை அல்லவா?